கண் வெளிப்புறம் திரும்பாமை: ஆறாம் நரம்பு வாதமும் அதன் சிகிச்சையும்

பள்ளிகளில் பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்கும்போது ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்வது வழக்கம். கிட்டப்பார்வை முதலிய குறைகள் இதனால் வெளிப்படுகின்றன. ஆயினும், பலகையின் கடைசி வரி வரை பிழையின்றிப் படித்த பிள்ளைக்கும் கடுமையான ஒரு கோளாறு இருத்தல் கூடும். கண்கள் தனித்தனியே நன்றாகப் பார்க்கும். இரண்டும் ஒருங்கே திரும்பமாட்டா. எழுத்துப் பலகைக்குத் தப்பிவிடும் இந்நோய்களுள் ஒன்று ஆறாம் நரம்பு வாதம். கோலார் தங்கவயல் பகுதியில் பணியாற்றும் ஆசிரியர்களும் கள ஊழியர்களும் இதனை அறிந்திருத்தல் அவசியம். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நரம்பும் தசையும்

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றுள் வெளிப்பக்க நேர்த்தசை கண்ணைக் காதுப்புறமாகத் திருப்புவது. மூளையிலிருந்து புறப்படும் ஆறாம் கபால நரம்பு இந்த ஒரு தசையை மட்டுமே இயக்குகிறது. அந்நரம்பு செயலிழந்தால் கண் வெளிப்புறம் திரும்பாது. எதிர்த்தசை இழுப்பதால் மூக்குப்புறமாகச் சாய்ந்து நிற்கும்.

இந்நரம்பு செல்லும் வழி கவனிக்கத்தக்கது. மூளைத்தண்டின் அடியில் தோன்றி, மண்டையோட்டின் அடித்தளச் சரிவில் மேல்நோக்கி ஏறி, காதை உள்ளடக்கிய பாறை எலும்பின் விளிம்பில் வளைந்து, பின்னரே கண்குழியை அடைகிறது. தங்கவயலில் சுரங்கக் குழியின் மேல் நின்ற இரும்புச் சாரத்தையும், அதன் உச்சிச் சக்கரத்தில் ஏறி வளைந்த கம்பிவடத்தையும் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பளு மிகுந்தால் வளைவில் வடம் இறுக்கப்படுகிறது. அதுபோலவே, மண்டையோட்டினுள் அழுத்தம் மிகுந்து மூளை கீழ்நோக்கித் தள்ளப்படும்போது ஆறாம் நரம்பும் இழுபட்டு வலுவிழக்கிறது. ஆகவே, நோயின் இருப்பிடம் நரம்பிலிருந்து வெகு தொலைவில் இருந்தாலும் அதன் அடையாளம் கண்ணில் தோன்றலாம்.

அறிகுறிகள்

பெரியவர்கள் ஒரு பொருள் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டாகத் தெரிவதாகக் கூறுவர். அருகிலுள்ள பொருளைவிடத் தொலைவிலுள்ள பொருளில் இது மிகுதி. நோயுற்ற பக்கமாகப் பார்க்கையில் இரு உருவங்களும் மேலும் விலகும். ஏதேனும் ஒரு கண்ணை மூடினால் இரட்டைத் தோற்றம் மறையும். ஒரு கண்ணை மூடியும் மறையாவிடில் திறந்திருக்கும் கண்ணிலேயே புரை முதலிய வேறு குறை உள்ளதெனக் கொள்ளலாம்.

சிறு பிள்ளைகள் இரட்டைப் பார்வையைச் சொல்லத் தெரியாதவர்கள். இடக்கண் நோயுற்ற பிள்ளை முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு கரும்பலகையைப் பார்க்கும். வலக்கண்ணாயின் வலப்பக்கம் திருப்பும். இதனைக் குறும்பு என்று கருதி, "நேராக உட்கார்" என்று அதட்டுதல் தவறாகும். தலையைத் திருப்புவதால்தான் அப்பிள்ளைக்கு ஒற்றை உருவம் கிடைக்கிறது.

காரணங்கள்

ஐம்பது வயதைக் கடந்தவர்களிடத்துப் பெரும்பாலும் நீரிழிவும் இரத்தக் கொதிப்புமே காரணம். நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய் அடைபடுவதால் இது நேர்கிறது. தலையில் அடிபடுதல், மூளைக் கட்டி, மண்டையோட்டினுள் அழுத்த மிகுதி, மூளையுறை அழற்சி ஆகியவை பிற காரணங்கள். காதில் சீழ் பாய்ந்து பாறை எலும்பின் நுனியை அடைந்தாலும் இந்நரம்பு தாக்கப்படும். இத்தாலிய மருத்துவர் கிராடெனிகோ 1904-இல் இதனை விவரித்தார். மதுப்பழக்கமும் ஊட்டக் குறைவும் சேர்ந்தவர்களிடத்துத் தயமின் என்னும் வைட்டமின் குன்றுவதாலும் கண்ணசைவு கெடும். இதற்குத் தயமினை ஊசி வழியே உடனே செலுத்துதல் வேண்டும்.

தங்கவயலில் கவனிக்க வேண்டியது

கோலார் தங்கச் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை தோண்டப்பட்டவை. பாறையைத் துளைத்தபோது எழுந்த நுண்ணிய சிலிக்காத் தூசியைத் தொழிலாளர்கள் பல்லாண்டுகள் சுவாசித்தனர். அதனால் நேரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் குறித்து 1940-களிலேயே இங்கு ஆராய்ச்சி நடைபெற்றது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. ஆனால் நுரையீரலில் தங்கிய தூசி அன்றோடு நீங்கிவிடவில்லை. சிலிக்கோசிஸ் உற்றவர் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் காசநோய்க்கு எளிதில் இடங்கொடுப்பார்.

உரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் முதலிய குடியிருப்புகளின் சிறு வீடுகளில் மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழ்வதுண்டு. பாட்டனாரின் நீண்டநாள் இருமல் "சுரங்கத்து இருமல்" என்று விடப்படுமாயின், அது காசநோயாக இருக்கையில் பேரப்பிள்ளைக்கும் தொற்றும். இளம் பிள்ளைகளுக்கு அது மூளையுறையைத் தாக்குதல் கூடும். முதலில் சோர்வு, பசியின்மை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் எனச் சில வாரங்கள் செல்லும். பிறகு தலைவலியும் வாந்தியும் தோன்றும். அந்நிலையில் ஒரு கண் உட்புறம் சாயுமாயின் அது ஆறாம் நரம்பு வாதமாக இருத்தல் கூடும். அது நினைவு தவறுவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை. அதனைத் தவறவிட்டால் உயிரே போகலாம்.

சோதிக்கும் முறை

பிள்ளையை எதிரே உட்கார வைத்துத் தலை அசையாதபடி தாடையை மெல்லப் பிடித்துக்கொள்க. அரை மீட்டர் தொலைவில் ஒரு பென்சிலைக் காட்டி, அதனை மெதுவாக வலப்புறமும் இடப்புறமும் நகர்த்துக. நல்ல கண் வெளிப்புறம் முழுவதும் திரும்பும்போது, கடைக்கண்ணில் வெண்மை ஏறத்தாழ மறைந்துவிடும். நோயுற்ற கண் பாதி வழியில் நின்றுவிடும். வெண்மை மிகுதியாகத் தெரியும். இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. எழுத்துப் பலகைச் சோதனையோடு இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறவியிலிருந்தே கண் வெளிப்புறம் திரும்பாதவர்களும் உளர். ஆதலால், குறை எப்பொழுது தோன்றிற்று என்று பெற்றோரைக் கேட்டறிதல் வேண்டும். பழைய நிழற்படங்களும் இதற்கு உதவும்.

சிகிச்சை

முதற்கண் காரணத்துக்கே சிகிச்சை செய்யப்படுகிறது. நீரிழிவாலும் இரத்தக் கொதிப்பாலும் வந்த வாதம், அவற்றைக் கட்டுப்படுத்தினால், பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களில் தானாகவே நீங்கும். காசநோய் மூளையுறை அழற்சிக்கு ஏறத்தாழ ஓராண்டு இடைவிடாது மருந்துண்ண வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் இலவசம். குழந்தை பிறந்தவுடன் இடப்படும் பி.சி.ஜி. ஊசி இக்கொடிய வகையிலிருந்து பெருமளவு பாதுகாப்பளிக்கிறது.

குணமாகும் வரை இரட்டைப் பார்வையைத் தவிர்க்க ஒரு கண்ணை மறைக்கலாம், அல்லது கண்ணாடியில் முப்பட்டக வில்லை ஒட்டலாம். சிறு பிள்ளைகளுக்கு மருத்துவர் கூறும் முறைப்படியே கண்களை மறைத்தல் வேண்டும்; இல்லையேல் சாய்ந்த கண்ணின் பார்வை நிலையாக மங்கிவிடும். எதிர்த்தசை இறுகாதிருக்கப் போட்டுலினம் ஊசியும் சிலருக்கு இடப்படுகிறது. ஆறு மாதங்களுக்குப் பின்னும் குறை மாறாது நின்றால், தசைகளின் பற்றிடத்தை மாற்றியமைக்கும் அறுவை சிகிச்சையால் கண்களை நேராக்கலாம். இரட்டைப் பார்வை உள்ளவர் வண்டி ஓட்டுதலும் உயரமான இடங்களில் ஏறி வேலை செய்தலும் ஆகா.

செய்ய வேண்டுவன

புதிதாகத் தோன்றிய மாறுகண்ணையோ இரட்டைப் பார்வையையோ "கண்ணாடி போட்டால் சரியாகும்" என்று விட்டுவிடலாகாது. தலைவலி, வாந்தி, காய்ச்சல், காதில் சீழ், கை கால் தளர்ச்சி, தலையில் அடி ஆகியவற்றுள் ஒன்றேனும் உடனிருந்தாலும், இரு கண்களும் பாதிக்கப்பட்டிருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புக. அங்கிருந்து கோலார் மாவட்ட மருத்துவமனைக்கோ, பெங்களூரிலுள்ள மிண்டோ கண் மருத்துவமனைக்கோ, நிம்ஹான்ஸ் நிலையத்துக்கோ மேற்சிகிச்சைக்கு அனுப்ப இயலும். பிள்ளைக்குக் காசநோய் எனத் தெரிந்தால் வீட்டிலுள்ள அனைவரையும் சோதித்தல் வேண்டும். முன்னாள் சுரங்கத் தொழிலாளியின் சளியை முதலில் சோதிக்கச் செய்க.

வகுப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்கும் பிள்ளையை முதலில் காண்பவர் ஆசிரியர். அவ்வீட்டில் இருமுபவரை அறிந்தவர் கள ஊழியர். இருவரும் கலந்து பேசினால் நோய் காலத்தே வெளிப்படும்.