மண் தரும் வெப்பம்

முன்னுரை

'புவிவெப்பம்' என்றதும் ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுகளும் எரிமலைகளும் நம் நினைவுக்கு வரும். நான் எழுத எடுத்துக்கொண்டது அதுவன்று. எரிமலையே இல்லாத ஊரிலும், காலடியிலுள்ள சாதாரண மண்ணிலிருந்து வெப்பத்தை எடுத்து, நகர மன்றங்களையும் நீச்சல் குளங்களையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் முறையைப் பற்றியது இக்கட்டுரை. குளிர்நாடுகளில் இது ஆடம்பரம் அன்று. 2022-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியபோது, ஜெர்மனியில் பல நகராட்சிகள் தங்கள் நீச்சல் குளங்களின் வெப்பநிலையைக் குறைக்க நேர்ந்தது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் கட்டடங்களுக்கு எரிபொருள் எத்தகைய சுமை என்பதற்கு இது சான்று.

மண்ணின் இயல்பு

மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாகவும், சித்திரை நண்பகலில் அதே நீர் குளிர்ச்சியாகவும் இருப்பதை நாம் அறிவோம். மாறியது நீரன்று, வெளிக்காற்று. தரைக்குக் கீழே ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. அவ்வூரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே அது நிற்கும். மத்திய ஐரோப்பாவில் இது சுமார் 10° செ. ஆகும். மேலே பனி உறைந்து கிடக்கும் நாளிலும் கீழே இந்த வெப்பம் காத்திருக்கிறது.

வெப்ப எக்கி

10° செ. உள்ள மண், அதைவிடச் சூடான அறையை எவ்வாறு சூடாக்கும்? குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகச் செல்லாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. 'தானாக' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். பள்ளத்து நீரும் தானாக மேட்டுக்கு ஏறாது, இறைத்தால் ஏறும். வெப்பத்தை இவ்வாறு இறைக்கும் கருவியே வெப்ப எக்கி, அதாவது வெப்பப் பம்பு.

நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் ஒரு வெப்ப எக்கியே. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் வெளியேற்றுகிறது. மண்வெப்ப எக்கியில் பெட்டியின் உட்புறத்துக்குப் பதிலாகப் பூமி உள்ளது. ஆழ்துளைகளில் இறக்கிய குழாய்களில் உறையாத நீர்மம் சுற்றி வந்து மண்ணின் வெப்பத்தைக் கொணர்கிறது. அவ்வெப்பத்தால் குளிர்பதனப் பொருள் ஆவியாகிறது. அமுக்கி அதை அழுத்திச் சூடேற்றுகிறது. அது மீண்டும் நீர்மமாகும்போது வெளிவிடும் வெப்பம் கட்டடத்தைச் சேர்கிறது.

கார்னோவின் கணக்கு

ஓர் அலகு மின்சாரத்துக்கு எத்தனை அலகு வெப்பம் கிடைக்கும்? மண் 283 கெல்வின், தேவையான நீர் 333 கெல்வின் (60° செ.) என்று கொள்வோம். பெரும மதிப்பு 333 ÷ 50, அதாவது 6.7 ஆகும். நீச்சல் குளத்தைச் சூடாக்க 308 கெல்வின் (35° செ.) நீரே போதும். அப்போது அது 308 ÷ 25, அதாவது 12.3 ஆக உயர்கிறது. நடைமுறையில் கிடைப்பது இவற்றில் பாதி அல்லது அதற்கும் குறைவு. ஆயினும் பாடம் தெளிவு: வெப்பநிலை வேறுபாடு சிறிதானால் ஆதாயம் பெரிது.

வரலாறு

வெப்ப எந்திரத்தைத் திருப்பி இயக்கிக் கட்டடங்களைச் சிக்கனமாகச் சூடாக்கலாம் என்று 1852-இல் கெல்வின் பிரபு எழுதினார். மண்ணையே வெப்ப மூலமாகக் கொள்ளும் கருத்துக்கு 1912-இல் ஹைன்ரிக் சோலி சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். நிலக்கரி வளமற்ற அந்நாட்டில், சூரிச் நகர மன்றத்தில் 1938-இல் வெப்ப எக்கி நிறுவப்பட்டது. அது லிம்மாத் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்து, 2001 வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 1941-இல் அந்நகரின் உள்ளரங்க நீச்சல் குளமும் வெப்ப எக்கியைப் பெற்றது. அங்கே மூலம் நீர், மண்ணன்று. எனினும் தத்துவம் ஒன்றே.

மண்ணை நம்பிய பெரிய முயற்சி ஒரு கல்வி நிலையத்தில் நடந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகம், 2009-இல் பணி தொடங்கி, ஏறத்தாழ 3,600 ஆழ்துளைகளை இட்டு, நான்கு பழைய நிலக்கரிக் கொதிகலன்களுக்கு ஓய்வு கொடுத்தது.

எக்கட்டடத்துக்கு ஏற்றது?

துளையிடும் செலவு மிகுதி. ஆகவே வாரம் ஒருநாள் மட்டும் திறக்கும் மன்றத்தைவிட, நாள்தோறும் வெப்பம் கேட்கும் நீச்சல் குளத்தில்தான் முதலீடு விரைவில் திரும்பும். பனிச்சறுக்கு அரங்கும் குளமும் அருகருகே இருப்பின் இன்னும் நன்று. பனித்தளத்திலிருந்து நீக்கும் வெப்பமே குளத்துக்கு உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள் உள. ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருந்தால் குழாய்களைச் சுற்றியுள்ள மண் குளிர்ந்துபோகும், வெப்பநிலை வேறுபாடு பெருகும், ஆதாயம் குறையும். கோடையில் எக்கியைத் திருப்பி இயக்கிக் கட்டடத்தைக் குளிர்வித்து, அவ்வெப்பத்தை மண்ணுக்குத் திருப்பித் தருவது இதற்கு மருந்து. அடுத்து, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நிலக்கரி வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்கும் நிலையத்திலிருந்து வந்தால், எக்கி மூன்று மடங்கு தந்தும் மிச்சம் ஏதும் இல்லை.

முடிவுரை

நம் சமவெளிக்கு வேண்டியது குளிர்ச்சியே. சென்னையில் மண்ணே ஏறத்தாழ 28° செ. இருப்பதால், இம்முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவதில் பயன் குறைவு. ஆனால் அது சொல்லும் நெறி எங்கும் பொருந்தும். பூமி அள்ள அள்ளக் குறையாத புதையலன்று; வங்கிக் கணக்கு. எடுத்ததைத் திரும்பச் செலுத்துவோர்க்கே அது தொடர்ந்து வழங்கும். பொதுக் கட்டடம் எழுப்புவோர் முதலில் கணக்கிட வேண்டியது எந்திரத்தின் விலையை அன்று. அவ்வூர் மண்ணின் வெப்பநிலையையும், கட்டடம் இயங்கும் நாள்களின் எண்ணிக்கையையுமே என்பது என் துணிபு.