பல்லின் மேல் ஒரு சிப்பி

அன்புள்ள மருமகளுக்கு,

"எனாமல் என்றாலே எல்லாருக்கும் புரியுமே, அதைப் போய் ஏன் பற்சிப்பி என்கிறார்கள் மாமா?" என்று கேட்டிருந்தாய். தூத்துக்குடிக்காரனிடம் சிப்பியைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சுருக்கமான பதிலை எதிர்பார்க்காதே.

ஆச்சி வைத்திருக்கும் நீல விளிம்புக் குவளை ஞாபகம் இருக்கிறதா? கீழே விழுந்து ஒரு சில் பெயர்ந்து, அந்த இடம் கறுத்துக் கிடக்குமே. அதன் மேல்பூச்சுதான் எனாமல். கண்ணாடிப் பொடியை உலோகத்தின் மேல் சூளையில் உருக்கிப் படியவைப்பது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல்லின் வேரிலேயே 'உருக்குதல்' இருக்கிறது. பல்லின் பளபளப்பு அந்த மொழிக்காரர்களுக்குப் பட்டறையை நினைவூட்டியிருக்கிறது.

நம் சொல்லுக்கு வருகிறேன். இங்கே திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஒருவர் கொடுத்த முத்துச்சிப்பி என் மேசையில் இருக்கிறது. (முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று; சங்குதான் மிச்சம்.) வெளியே சொரசொரப்பு, காய்ந்த பாசி, புழு துளைத்த ஓட்டை. உள்பக்கம் திருப்பினால் ஒளி வழுக்குகிறது. அத்தனையும் சுண்ணாம்பின் உறவு: கால்சியம் கார்பனேட் தகடுகள், செங்கல் அடுக்கினாற்போல. சிப்பியின் உடலைப் போர்த்திய மெல்லிய சதை அதைச் சுரக்கிறது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே முத்து வளர்த்துக் காட்டியபோதும், ஒரு மணியோடு அந்தச் சதையில் ஒரு துணுக்கைத்தான் சிப்பிக்குள் வைத்தார்கள்.

பற்சிப்பியும் உயிரணுக்கள் சுரந்ததே. இங்கே கால்சியம் பாஸ்பேட். எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம். எலும்பைவிட, ஏன், முத்தைவிடவும் கெட்டி. யாரும் பூசிவிட்டுப் போனதல்ல, உயிர் கட்டியது என்பதால் எனக்குப் பற்சிப்பி என்ற சொல்லே பிடிக்கிறது. புளிப்பு ஆகாது என்பதிலும் இரண்டும் ஒன்று. சிப்பித் துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார், நுரைக்கும். பல் நுரைக்காது, மெல்லக் கரையும். சோடா குடித்த கையோடு பல் தேய்க்காதே. இளகியிருக்கும் மேல்பரப்பு தேய்ந்துபோகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் சொல் இடறுகிறது. சிப்பி சாகிறவரை பூசிக்கொண்டே இருக்கும். உன் பல்லுக்குப் பூசிய உயிரணுக்களோ, பல் ஈறைக் கீறி வெளியே வரும்போதே அழிந்துவிட்டன. லேசாகக் கரைந்ததை உமிழ்நீர் ஓரளவு சரிக்கட்டும். சில் பெயர்ந்தால் பெயர்ந்ததுதான், ஆச்சியின் குவளை மாதிரி. அந்த ஓர் இடத்தில் எனாமல்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

அன்புடன்,
மாமா