நண்பகலில் எங்கே, அந்தியில் எங்கே?

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமா எழுதுவது.

பரீட்சை முடிந்ததும் சிநேகிதர்கள் இருவரோடு மோட்டார் சைக்கிளில் மூணாறு வரை போய்வரும் உத்தேசம் உனக்கு உண்டென்றும், அதற்கு உன் அம்மாவின் சம்மதம் பாதிதான் கிடைத்திருக்கிறதென்றும், மீதிப் பாதியை வாங்கித் தரவேண்டியது என் பொறுப்பென்றும் நீ எழுதியிருந்த கடிதம் கிடைத்தது. நீ போய்வருவதையே நான் விரும்புகிறேன். மதுரையின் வறண்ட சமவெளியில் புறப்பட்டு, முட்காட்டைக் கடந்து, சந்தன மரங்களின் ஊடே ஏறி, தேயிலைச் சரிவுகளையும் ஏலத் தோட்டங்களையும் சுற்றிக்கொண்டு மீண்டும் சமவெளியில் இறங்கும் ஒரு பிரயாணத்தில், அந்தந்தப் பிரதேசத்தின் உஷ்ணமும் ஈரமும் வாசனையும் இடையில் ஒரு கண்ணாடிகூட இல்லாமல் சரீரத்தில் நேரே வந்து படுவது இந்த வாகனத்தில் மட்டுமே கிட்டும் பாக்கியம். ஆகவே உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். ஆனால் அதற்கு முன் நீ அனுப்பிய திட்டத்தைத் திருத்தி எழுத வேண்டும்.

உன் குறிப்பில் கிலோமீட்டர்க் கணக்கும் பெட்ரோல் கணக்கும் விடுதி வாடகையும் ஒழுங்காக இருக்கின்றன. திண்டுக்கல், பழனி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு சென்று, பூப்பாறை, போடிமெட்டு, தேனி வழியாகத் திரும்பும் அந்த வட்டம் சுமார் 400 கிலோமீட்டர் என்பதும் சரியே. ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்துவிட்டதாலும், கோடையில் அவ்விரண்டு ஊர்களின் நெரிசலைச் சொல்லி மாளாது என்பதாலும், இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனமான காரியம். குறை எங்கே என்றால், முதல் நாள் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு அன்றிரவே மூணாறில் தங்குவதாக எழுதியிருக்கிறாயே, அங்கேதான். கோடைப் பிரயாணத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது இத்தனை கிலோமீட்டர் என்பதல்ல. உச்சிவேளையில் எந்த நிழலில் இருப்போம், இருட்டும்போது எந்தக் கூரையின்கீழ் இருப்போம் என்னும் இரண்டே விஷயங்கள்தான். ஒவ்வொரு நாளுக்கும் இவ்விரண்டையும் முதலில் குறித்துவிட்டால், புறப்படும் நேரமும் ஓட்டும் தூரமும் தாமே அமைந்துவிடும். இவற்றைக் குறிக்காமல் தூரத்தை மட்டும் பங்கிட்டால், உடுமலைச் சாலையில் நடுப்பகல் வெயிலிலும் சின்னாற்றுக் காட்டில் அந்தி மயக்கத்திலும் அகப்பட்டுக்கொள்வாய்.

நடுப்பகலை ஏன் இவ்வளவு பெரிது பண்ணுகிறேன் என்று நீ கேட்கக்கூடும். அக்கினி நட்சத்திரம் சித்திரை 21-இல் தொடங்கி வைகாசி 14 வரை, அதாவது ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை நீடிக்கும். நீ குறித்திருக்கும் நாட்கள் அதன் நடுவில் விழுகின்றன. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் காற்றுப் பட்டு உடல் குளிர்ந்துவிடும் என்று உன் வயதினர் பெரும்பாலும் நம்புகிறார்கள். காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரையில் அது உண்மை. தோலின் உஷ்ணம் ஏறத்தாழ 35 டிகிரி. வெளிக்காற்று 40 டிகிரியைத் தொடும்போது, வேகமாக வந்து மோதும் அந்தக் காற்று உடலிலிருந்து உஷ்ணத்தை வாங்கிச் செல்வதில்லை, உஷ்ணத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அப்போது நம்மைக் காப்பது வியர்வை ஒன்றே. அந்த வியர்வையும் காற்றின் வேகத்தில் தோன்றிய க்ஷணமே உலர்ந்துவிடுவதால், சட்டை நனையாமலே சரீரத்தின் நீர் வற்றிக்கொண்டிருப்பதை ஓட்டுகிறவன் உணர்வதில்லை. தலைவலியும் எரிச்சலும் தோன்றி, எதிரே வரும் லாரியின் தூரத்தைக் கணிப்பதில் பிசகும்போதுதான் அது வெளிப்படுகிறது.

ஆகையால் கைகளைத் திறந்து போட்டுக்கொண்டு ஓட்டுவது வெயிலுக்கு ஏற்றதன்று. நெடுங்கை வைத்த, காற்றுப் புகும் வலைத்துணி ஜாக்கெட்டும், உள்ளே ஒரு பருத்திச் சட்டையும் அணிந்து, வெயில் ஏறியபின் அந்தச் சட்டையை நனைத்துக்கொண்டால், ஜாக்கெட் ஈரத்தைச் சற்று நேரம் பிடித்துவைத்துக் குளிர்ச்சியை நீட்டிக்கும். முதுகில் பை மாட்டாதே; அது முதுகு முழுவதையும் மூடி வியர்வை உலரும் வழியை அடைத்துவிடும். பையை வண்டியில் தாழ்வாகக் கட்டி, கயிற்றின் நுனி சக்கரத்தை எட்டாதபடி முடிந்துகொள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் மணிக்கொரு தரம் நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதைவிட, உப்பிட்ட நீர்மோரும் இளநீரும் இடையிடையே சேர்வது உத்தமம். வழியில் நுங்கு விற்கிறவர்களைக் கண்டால் தயங்காமல் நிற்கலாம். கூட வருகிறவன் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தோல் நெருப்பாய்ச் சுட்டாலோ, அதைச் சாதாரண அசதியென்று நினையாதே. உடனே நிழலில் படுக்கவைத்து, உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே, 108-ஐ அழைக்க வேண்டும்.

வெயிலுக்கு அஞ்ச வேண்டிய இன்னொன்று டயர். கோடையில் காற்றைக் குறைத்து வைத்தால்தான் டயர் வெடிக்காது என்று ஒரு நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. உன் குறிப்பிலும் அது புகுந்திருக்கக் கண்டேன். உண்மை இதற்கு நேர்மாறானது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக நசுங்கி விரிவதால், அதன் பக்கச் சுவரில் உள்ளுக்குள்ளேயே உஷ்ணம் பிறக்கிறது. தார்ச்சாலையோ நண்பகலில் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிப்பதுண்டு. இரண்டும் சேர்ந்தே டயரைக் கெடுக்கின்றன. வண்டியோடு வந்த கையேட்டில் ஒருவருக்கு இத்தனை, பின்னால் ஒருவர் அமர்ந்தால் இத்தனை என்று எழுதியிருக்கும் அளவை, விடியற்காலையில் டயர் ஆறியிருக்கும்போது பார்த்து வைத்துக்கொள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடியிருக்கக் கண்டு காற்றை இறக்கிவிடாதே. பெட்ரோலும் சூட்டில் விரியும் பொருளாகையால் டேங்கின் கழுத்து வரை நிரப்பாமல் சற்று இடம் விட்டு நிரப்புவது நல்லது.

இனித் திட்டத்துக்கு வருவோம். இரண்டு நாளில் முடிக்க நினைத்ததை மூன்று நாளாக்கு. முதல் நாள் விடியுமுன் ஐந்து மணிக்கு மதுரையை விட்டால், திண்டுக்கல்லில் காலைப் பலகாரம் முடித்து, பழனி மலையை இளவெயிலில் பார்த்துக்கொண்டு, பத்து மணிக்கெல்லாம் உடுமலைப்பேட்டையை அடைந்துவிடலாம். டேங்கை அங்கேயே நிரப்பிக்கொள். மேலே பங்க் அருகருகே இராது. உச்சிவேளையை அமராவதி அணைப் பக்கத்து மரநிழலில் கழித்துவிடு. ஆனால் நீரில் இறங்கும் ஆசை வேண்டாம், அந்த நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. வெயில் தணியத் தொடங்கும் மூன்று மணிவாக்கில் கிளம்பினால் வெளிச்சத்திலேயே சின்னாற்றைக் கடந்து மறையூர் போய்ச் சேரலாம். அந்தியில் இருக்கவேண்டிய கூரை மறையூரில்தான்.

இந்தச் சின்னாற்றுப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கேரளம் என்றதும் பசுமையே நம் மனத்தில் எழும். ஆனால் சின்னாறு வனவிலங்கு சரணாலயம் மலையின் மழைமறைவுப் பகுதியில் கிடப்பதால், அங்கே காண்பது நம் நாட்டுப்புறத்தைப்போன்ற முட்புதரும் இலையுதிர்ந்த மரமுமே. மேற்கே ஓடாமல் கிழக்கே திரும்பும் கேரள நதிகள் மூன்றே. அவற்றுள் ஒன்றான பாம்பாறு இங்கே சின்னாற்றோடு கூடி, அமராவதி என்ற பெயரில் நம் பக்கம் இறங்குகிறது. கோடையில் காட்டுக்குள் நீர்நிலைகள் வற்றிவிட, யானைகளும் காட்டெருமைகளும் இந்த ஆறுகளைத் தேடிச் சாலையைக் குறுக்கே கடக்கின்றன. அதற்கு அவை தேர்ந்தெடுக்கும் பொழுது பெரும்பாலும் அந்தியும் விடியலும். இரவில் சோதனைச் சாவடிகளை அடைத்துவிடுவார்கள் என்பது மட்டுமல்ல, அடைப்பதற்குச் சற்று முன் உள்ளே நுழைவதும் உசிதமன்று என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். யானை தென்பட்டால் நல்ல தொலைவிலேயே நின்றுவிடு; ஹாரன் அடிக்காதே, படமெடுக்க இறங்காதே, அது போகும் வரை காத்திரு, அல்லது வந்த வழியே திரும்பு. எதிரில் வரும் பஸ் ஓட்டுநர்களுக்கு அந்தப் பாதையின் குணம் தெரியும். அவர்கள் நின்றால் நீயும் நில். மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடையிலுள்ள சின்னக்கானல் பகுதியும் யானைகளின் வாசஸ்தலமே. அரிசிக்காக வீடுகளையும் கடைகளையும் உடைத்ததால் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையை 2023-இல் அங்கிருந்துதான் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது கம்பம் ஊருக்குள் நுழைந்துவிட, நம் வனத்துறையினர் மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனதை நீயும் பத்திரிகையில் படித்திருப்பாய். நாம் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் மலைச்சாலை யானைகளின் வீட்டு முற்றத்தில் போடப்பட்டது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். குறைந்தபட்சம் அங்கே சத்தமில்லாமல் போய்வருவோமே.

இரண்டாம் நாள் தூரம் மிகக் குறைவு. மறையூரிலிருந்து மூணாறு சுமார் 40 கிலோமீட்டர். வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறேன். காலையில் மறையூரின் முனியறைகளைப் பார். பெருங்கற்காலத்து மக்கள் கற்பலகைகளை நிறுத்தி அமைத்த அந்த ஈமச் சின்னங்களைப் பாறைமேல் திறந்தவெளியில் காணலாம். கரும்பாலைகளில் வெல்லம் காய்ச்சும் வாசனை உன்னைத் தானே அழைக்கும். வழியில் இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளையும், தென்னாட்டிலேயே உயர்ந்ததான 2,695 மீட்டர் ஆனைமுடியையும் பார்க்கலாம். குறிஞ்சியை எதிர்பார்த்து ஏமாறாதே, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல்தான். மத்தியானத்துக்குள் மூணாறு போய்விடு, ஏனென்றால் கோடையில் மலைமேல் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். நீண்ட நாள் வெயிலுக்குப்பின் விழும் முதல் தூறல், சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் கிளப்பி வழுக்கலாக்கிவிடும்; பெருமழையைவிட அந்த முதல் கால் மணி நேரமே அதிக ஆபத்தானது. அப்போது ஒரு டீக்கடை வாசலில் நின்றுவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் இறக்கம். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் வரையில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை முப்பது கிலோமீட்டருக்குள் இறங்க வேண்டும். வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் அந்தச் சரிவை ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. வண்டியை இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டால் போதும். பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்துவிட்டு உருளவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நீ அதைச் செய்வதாகக் கேள்விப்பட்டால் உன் அம்மாவிடம் பேசுவதாக நான் உனக்குத் தந்த வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன். குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி. பஸ் ஒன்று வளைவில் திரும்பினால் சாலை முழுவதும் அதற்கு வேண்டும். நீ வளைவுக்கு வெளியே நின்று அதைப் போகவிடு. இந்த மலையடிவாரத்தில் உள்ள குரங்கணிக் காட்டில்தான் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீயில் மலையேறச் சென்ற இளைஞர்கள், பெண்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோடைப் புல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதை நினைவில் வைத்து, அடுப்பு மூட்டுவது, பீடி சிகரெட் வீசுவது போன்ற காரியங்களை உன் சிநேகிதர்களும் செய்யாமல் பார்த்துக்கொள். மூணாற்றில் காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் உறைக்குமுன் தேனியைத் தாண்டிவிடலாம். அன்றைய நண்பகலுக்கு 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் பூங்கா மரங்கள் இருக்கின்றன. நான்கு மணிக்குப்பின் புறப்பட்டு, உசிலம்பட்டி வழியாக விளக்கு வைக்கும் வேளைக்கு வீடு வந்து சேரலாம்.

மூன்று வண்டிகள் போகும்போது மூவரில் அனுபவம் குறைந்தவனை முன்னால் விட்டு அவன் வேகத்துக்கே மற்றவர்கள் ஓட்டுவதும், ஒவ்வொரு பிரிவுச் சாலையிலும் முன்னவன் பின்னவனுக்காகக் காத்திருப்பதும் போதும். வேறு சட்டதிட்டம் வேண்டாம். ஹெல்மெட்டின் வாரை மாட்டாமல் தலையில் கவிழ்ப்பது அணியாததற்குச் சமம். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் கையில் இருக்கட்டும். காட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது, ஆகவே வழியைக் காகிதத்திலும் எழுதிக்கொள். கிளட்ச் கேபிள் ஒன்று, ஸ்பார்க் பிளக் ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றுப் பம்பு ஆகியவை மூன்று வண்டிக்கும் பொதுவாக ஒருவன் பையில் இருந்தால் போதும். வண்டிகள் ஒரே ஜாதியாக இல்லாவிட்டால் கேபிளும் பிளக்கும் தனித்தனியே வேண்டும்.

வண்டியைச் சர்வீஸுக்குப் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் விடாதே. ஒரு வாரம் முன்பே விட்டு, ஆயில் மாற்றி, செயினின் தளர்ச்சியைச் சரிபார்த்து எண்ணெயிடச் சொல்லி, பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தால் புதிதாகப் போட்டுக்கொள். பிறகு அழகர்கோயில் வரையிலாவது பையெல்லாம் கட்டி, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார். ஏதேனும் நட்டு தளர்வாக விடப்பட்டிருந்தால், பை நழுவினால், அது மலையில் தெரிவதைவிட அங்கே தெரிவது மேல். திருத்திய திட்டத்தை, ஒவ்வொரு நாளுக்கும் அந்த இரண்டு இடங்களையும் தலைப்பில் எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. அதன் பிரதியோடு நான் உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா