பவளத் தொட்டிக்கு மீன் வாங்கப் போகிறீர்களா? கவனிக்க 15 குறிப்புகள்

நன்னீர்த் தொட்டியில் ஒரு மீன் சரிப்படவில்லை என்றால் வலையை விட்டு எடுத்து, வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடலாம். பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டியில் அது அவ்வளவு எளிதல்ல. பாறை இடுக்கில் புகுந்துகொண்ட மீனைப் பிடிக்க, பவளங்களை எல்லாம் கலைக்க வேண்டியிருக்கும். நோய் வந்தால் தாமிர மருந்தையும் ஊற்ற முடியாது. அது பவளத்தையும் இறாலையும் நத்தையையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஆகவே யோசிப்பதை எல்லாம் வாங்கும்முன்பே யோசித்துவிட வேண்டும். எந்த உயிரும் தொட்டிக்கு வந்து புதிதாகக் கெட்ட பழக்கம் கற்பதில்லை. கடலில் எப்படி வாழ்ந்ததோ அப்படியே இங்கும் வாழப் பார்க்கிறது. அந்தக் கடல் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பணமும் மிஞ்சும், ஓர் உயிரும் வீணாகச் சாகாது.

1. கடையில் மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். இது கடலில் எதைத் தின்கிறது? முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் இருக்கும்? எந்த உயிரோடு சேர்த்து விடக்கூடாது? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் அன்றைக்கு வாங்காதீர்கள். பதில் கிடைத்தாலும், உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

2. மாண்டரின் மீனுக்கு அவசரப்படாதீர்கள். நீலமும் ஆரஞ்சும் கலந்த அந்த நிறத்தில் மயங்கி வாங்குபவர்கள் ஏராளம். அது நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே, கோபிபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணுயிர்களைத் தின்று வாழ்கிற மீன். புதுத் தொட்டியில் அவை இருக்காது. மீன் மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். இரவில் விளக்கை அணைத்துச் சிறிது நேரம் கழித்துக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடினால் தீனி இருக்கிறது என்று பொருள். நிறையப் பாறை வைத்து ஓராண்டாவது பழகிய பெரிய தொட்டிதான் இதற்குத் தோது. கடையில் பார்க்கும்போது வயிறு ஒட்டியிருந்தால் வாங்க வேண்டாம். தொட்டியிலேயே பிறந்து, உறைந்த தீனிக்குப் பழகிய குஞ்சு கிடைத்தால் அதுவே நல்லது.

3. ஒரே உணவை நம்பி வாழும் மீன்களைத் தவிருங்கள். ஆரஞ்சுப் புள்ளி ஃபைல் மீன் ஏறத்தாழ அக்ரோபோரா பவளத்தின் மொட்டுகளை மட்டுமே தின்னும். மூரிஷ் ஐடலுக்குக் கடற்பஞ்சு வேண்டும். கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். உங்கள் தொட்டியில் இருக்கும் நான்கைந்து மீன்களால் அதன் வயிறு நிரம்பாது. அதைக் கடலிலிருந்து பிடித்து வந்தால் அங்கே அதனிடம் சுத்தம் செய்துகொள்ள வரும் மீன்களுக்கும் நஷ்டம். சுத்தம் செய்ய உயிர் வேண்டுமென்றால் கிளீனர் இறாலை வாங்குங்கள். அது போட்ட தீனியையும் தின்னும்.

4. குஞ்சைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்துக்குப் பிறகு ‘டோரி’ என்று கேட்டு வாங்கப்படும் நீல டேங், கடையில் உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் 30 செ.மீ. வரை வரும், நீந்த நீளமான இடம் வேண்டும், வெண்புள்ளி நோயும் எளிதில் தொற்றும். வெள்ளை உடம்பில் கரும்புள்ளியோடு ஆடி ஆடி நீந்தும் பேந்தர் களவாய்க் குஞ்சு 70 செ.மீ. வரை வளர்ந்து, வாயில் நுழையும் எதையும் விழுங்கும். முட்டையாகவே விற்கப்படும் மூங்கில் சுறா ஒரு மீட்டர் நீளத்துக்கு வளரும். எந்த மீனானாலும் வளர்ந்த நீளத்தைத் தொட்டியின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. மலிவாகக் கிடைக்கிறதே என்று டாம்சல் வாங்காதீர்கள். கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட மூன்றுபட்டை டாம்சலும், உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்த டாமினோ டாம்சலும் எந்தத் தண்ணீரையும் தாங்கும். அதனால் புதுத் தொட்டியைப் பழக்க முதலில் இவற்றை விடுவது பழைய வழக்கம். பாக்டீரியா வளர இன்றைக்கு மீனே தேவையில்லை; அமோனியாக் கரைசல் ஊற்றியே தொட்டியைத் தயார் செய்யலாம். முதலில் வந்த டாம்சல் தொட்டி முழுவதையும் தன் இடமாக்கிக்கொண்டு, பின்னால் வரும் மீனை எல்லாம் விரட்டிக் கடிக்கும்.

6. டாம்சலைப் பிடிக்க பாட்டில் பொறி உதவும். பெரிய பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகப் பாட்டிலுக்குள்ளேயே சொருகிக் கட்டுங்கள். மீனின் உடம்பு நுழையும் அளவுக்கு வாயை அகலமாக வெட்டிக்கொள்ளுங்கள். பக்கங்களில் சிறு துளைகள் போட்டால் தீனியின் வாசனை வெளியே பரவும். ஒருநாள் தீனியை நிறுத்திவிட்டு, பொறிக்குள் மட்டும் உறைந்த மைசிஸ் இறாலை வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று காத்திருங்கள். பாறையைக் கலைக்காமலே வேலை முடியும். இனிமேல் மீன் சேர்க்கும்போது சாதுவானவற்றை முதலிலும் சண்டைக்காரர்களைக் கடைசியிலும் விடுங்கள்.

7. நீமோவுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் இல்லை. கடலில் எதிரிகளிடமிருந்து தப்பிக்கத்தான் கோமாளி மீன் சாமந்திக்குள் ஒளிகிறது. எதிரியில்லாத தொட்டியில் அது இல்லாமலே நலமாக வாழ்ந்து முட்டையும் இடும். சாமந்திக்கோ நல்ல வெளிச்சமும், பல மாதம் பழகி நிலைப்பட்ட தண்ணீரும் வேண்டும். இடம் பிடிக்கவில்லையென்றால் நகர்ந்துபோய், வழியிலுள்ள பவளங்களைக் கொட்டும். அலை பம்ப்பில் மாட்டிச் சிதைந்தால் ஒரே இரவில் தண்ணீர் முழுதும் கெடும். வைத்தே தீருவதென்றால் குமிழ்நுனிச் சாமந்தியைத் தேர்ந்தெடுங்கள், பம்ப் வாய்க்கு நுரைப்பஞ்சு அல்லது வலை உறை போடுங்கள். கம்பளச் சாமந்தி மீனையே பிடித்துத் தின்னும். பால்வெள்ளையாக இருக்கும் சாமந்தி தன்னுள் வாழும் பாசியை இழந்த நோயாளி. அந்த வெள்ளையை அழகென்று நினைத்து வாங்காதீர்கள்.

8. பேத்தை, கிளாத்தி இரண்டும் பவளத் தொட்டிக்கு ஆகாது. நத்தை, நண்டு, இறால் எல்லாம் இவற்றுக்குத் தீனி. பெரிய ஏஞ்சல் மீன்களும் பவளத்தைக் கொத்தும்.

9. நட்சத்திர மீனில் ஆளறிந்து வாங்குங்கள். நீல லிங்கியா பெரும்பாலும் சில மாதங்களில் பட்டினியால் கரைந்துபோகும். முதுகில் பழுப்பு முட்கள் உள்ள ‘சாக்லேட் சிப்’ பவளத்தைத் தின்னும். பச்சை பிரிட்டில் ஸ்டார் இன்னும் மோசம். இரவில் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி நிழல் உண்டாக்கும். தூங்க இடம் தேடும் சிறு மீன் அதனடியில் ஒதுங்கியதும் கைகளை முறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மீன் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

10. வேகமாகப் பரவும் பவளங்களைத் தனிப் பாறையில் வையுங்கள். சுருங்கி விரியும் சீனியாவும், பச்சைப் புல் விரிப்பாகப் படரும் கிரீன் ஸ்டார் பாலிப்பும் புதியவர்களுக்குப் பிடித்தவை. சாகாமல் வளர்வதுதான் அவற்றின் சிக்கல். பெரும்பாறையில் ஒட்டிவிட்டால் அடுத்த பவளங்களை மூடிவிடும். சுற்றிலும் மணல் இருக்கும் தனிக்கல்லில் வைத்தால் கத்தரித்துக் கட்டுக்குள் வைக்கலாம். கேலக்ஸியா போன்றவை இரவில் கொட்டும் இழைகளை நீட்டும் என்பதால், அவற்றைச் சுற்றி ஒரு சாணுக்கு மேல் இடம் விடுங்கள்.

11. பாறையோடு ஒட்டிவரும் விருந்தாளிகளைக் கவனியுங்கள். ஐப்டேசியா என்ற சிறு பழுப்புச் சாமந்தியைச் சுரண்டினால் சிதறிய துண்டெல்லாம் புதிதாக முளைக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது சுண்ணாம்பை, கெட்டியாகக் குழைத்து, பம்ப்பை நிறுத்திவிட்டு சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள். ஒரே நாளில் நிறைய வைத்தால் காரத்தன்மை கூடிவிடும். பெப்பர்மின்ட் இறாலும் அதைத் தின்னும். இரவில் ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டால் மாண்டிஸ் இறால் இருக்கலாம். வெறுங்கையை விடாதீர்கள், விரலைக் கிழித்துவிடும்.

12. பவளம் போன்ற பாலித்தோவா, சோவாந்தஸ் விஷயத்தில் வீட்டாரை நினையுங்கள். சில பாலித்தோவாக்களில் இருக்கும் பாலிடாக்ஸின், உலகிலேயே கொடிய நஞ்சுகளுள் ஒன்று. ஹவாயில் கிடைத்த பாலித்தோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1971-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. இவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்வதற்காக வெந்நீர் ஊற்றுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது. ஆவியோடு நஞ்சு பரவி வீட்டிலிருந்த எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பிரஷ்ஷால் தேய்ப்பதும் ஆபத்து. வெட்ட நேர்ந்தால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தண்ணீருக்குள்ளேயே வெட்டுங்கள். வாயில் உலோகச் சுவை, மூச்சுத் திணறல், காய்ச்சல், தசைவலி தெரிந்தால் எல்லோரும் உடனே வெளியேறி மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லுங்கள்.

13. நஞ்சுள்ள மீன்களில் தவறுக்கு இடமில்லை. பெட்டி மீனும் மாட்டுக்கொம்பு மீனும் பயந்தாலோ செத்தாலோ விடும் நஞ்சு, தொட்டியிலுள்ள மீன்களை எல்லாம் கொல்லக்கூடும். சிங்க மீன் பவளத்தைத் தொடாது. ஆனால் சிறு மீன்களையும் இறால்களையும் விழுங்கும், முதுகு முள்ளிலும் நஞ்சு உண்டு. முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில் அந்த இடத்தை அரைமணி நேரமாவது வைத்திருந்து, மருத்துவரைப் பாருங்கள்.

14. சட்டத்தையும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். கடல்குதிரை, கடல் அட்டை, பாறைப் பவளங்கள், ராட்சத மட்டிகளில் சில வகைகள் ஆகியவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதை, 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. அங்கிருந்து வந்த உயிர்ப்பாறை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வெறும் பாறையில் பாக்டீரியாவை வளர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பவளமென்றால் இறக்குமதி ஆவணமும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தம்) அனுமதியும் கேளுங்கள்; ஐயம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் தெளிவு பெறுங்கள். கோமாளி மீன் வேண்டுமென்றால் பண்ணையில் பிறந்ததையே வாங்குங்கள். மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது.

15. தவறாக வாங்கியாகிவிட்டதா? கடலில் மட்டும் விடாதீர்கள். 1985-இல் ஃபுளோரிடாவில் முதன்முதலாகக் காணப்பட்ட சிங்க மீன், தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றின் வழியாகவே பரவியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுக்க அந்த ஊர் மீன்குஞ்சுகளைத் தின்று பெருகிவிட்டது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படையுங்கள். அதுவரை தனித் தொட்டியில் வையுங்கள். அதே தனித் தொட்டியில் இனி வரும் ஒவ்வொரு மீனையும் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துக் கவனியுங்கள். தின்கிறதா, நோய் இருக்கிறதா, குணம் எப்படி என்று அங்கேயே தெரிந்துவிடும். தாமிர மருந்து தேவைப்பட்டாலும் அங்கேயே கொடுக்கலாம். பவளத் தொட்டி அமைக்கும் செலவில் இந்தச் சிறு தொட்டிக்கும் முதலிலேயே பணம் ஒதுக்கிவிடுங்கள்.