பிள்ளையை ஏற்ற வீட்டுக்குச் சபை என்ன செய்யலாம்?

கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதம், பெற்றோரை இழந்த கைக்குழந்தைகளைத் தத்தெடுக்க விரும்புவோர் அழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. பகிர்ந்தவர்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் சட்ட நடைமுறைக்கு வெளியே பிள்ளையைத் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆதரவற்ற பிள்ளை கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது, 1098 எண்ணை அழைப்பது. பிள்ளையை எங்கே வைப்பது என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும்.

அனாதைப் பிள்ளை என்றதும் நம் சபைகளுக்கு இல்லம்தான் நினைவுக்கு வரும். டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் போன்றோர் காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. தொற்றுக் காலத்தில் அந்த வழி அடைபட்டது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, இல்லங்களில் உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று பார்க்கச் சொன்னது. பாரம் பாட்டி வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும், வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்து எடுக்காமல் நலக் குழுவின் ஏற்பாட்டில், பிள்ளையை ஏற்ற குடும்பங்களுக்கும் போனது. ஆகவே அடுத்த தொற்று வந்தால் புதுக் கட்டடத்துக்கு நன்கொடை திரட்டாதீர்கள். அந்த வீடுகளைத் தாங்குங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வளர்ப்புத் தாய்க்கே காய்ச்சல் வந்தால் பிள்ளை எங்கே போகும்? மாற்று வீட்டை முன்பே பேசி வையுங்கள். ஆனால் பிள்ளையை இஷ்டத்துக்கு இடம் மாற்றக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லி, குழந்தைகள் நலக் குழுவின் ஒப்புதல் பெற்றாக வேண்டும்.

சாப்பாட்டை நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப்பிடி அரிசிக் காணிக்கை எடுத்துப் பழகியவர்கள். ஆனால் மூன்று பிள்ளைகளும் ஒரே போனும் உள்ள வீட்டுக்கு, இன்னொரு போனும் ரீசார்ஜும் அரிசி மூட்டையைவிட அவசரம். ஆன்லைன் வகுப்புக்கு மட்டுமல்ல. வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்து அல்ல. பெற்ற தாய் உயிரோடு இருக்கலாம். நேரில் பார்க்க முடியாத நாளில், நலக் குழு அனுமதித்தால், அவள் முகம் அந்தப் போனில்தான் தெரியும்.

பணத்தைவிட அரிதானது, விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள். 2021இல் தமிழக அரசு, பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளையின் பெயரில் ரூ.5 லட்சம் வைப்பு, ஒருவரை இழந்திருந்தால் ரூ.3 லட்சம், உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் ரூ.3,000 என்று அறிவித்தது. அறிவிப்பு வந்தாலும், பரிசோதனை முடிவு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டுமே! துக்கத்தில் இருக்கும் பாட்டியால் ஆகிற காரியமா? பல சபைகளில் ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக ஊழியர் ஒருவராவது இருப்பார். அவரைப் பாடகர் குழுவிலிருந்து கொஞ்ச நாள் விடுவித்து, இந்த வேலையைக் கொடுங்கள்.

சபையில் கடை, கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளையைத் தத்தெடுத்த தாய்க்குச் சட்டம் தரும் விடுப்பு வளர்ப்புத் தாய்க்குக் கிடையாது. ஷிப்டை மாற்றிக் கொடுங்கள்; முதல் சில வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். யாக்கோபு நிருபத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் முதலாளி இதைச் செய்யாவிட்டால் ஒப்பித்து என்ன பயன்?

உதவிப் பொட்டலத்தோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. சாட்சி சொல்ல மேடையேற்றவும் வேண்டாம். பிள்ளை வேறு மதக் குடும்பத்திலிருந்து வந்திருந்தால் ஓய்வுநாள் பள்ளிக்கு இழுக்காதீர்கள்; அது பெற்றவர்களின் நம்பிக்கையை உடைக்கும், உதவி செய்த எல்லோர் பெயரையும் கெடுக்கும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, மாவட்டப் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பி, உங்கள் பகுதியில் எப்படிப்பட்ட உதவி தேவைப்படுகிறது என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.