புயலுக்கு மறுநாள் காசு தேடப் போகிறவர்களுக்கு

1715 ஜூலை 31 அதிகாலை. ஹவானாவிலிருந்து தங்கமும் வெள்ளியுமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த பதினொரு ஸ்பானியக் கப்பல்கள், ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையோரம் சூறாவளியில் சிக்கி நொறுங்கின. ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டார்கள். ஸ்பானியர்கள் அங்கேயே முகாம் போட்டு, ஆட்களைக் கடலுக்குள் முக்குளிக்க வைத்துச் சரக்கில் ஒரு பகுதியை மீட்டார்கள். மிச்சத்தை மணல் மூடியது. செபாஸ்டியன் முகத்துவாரத்திலிருந்து தெற்கே நீளும் அந்தக் கரைக்கு இன்று 'புதையல் கடற்கரை' என்றே பெயர்.

1950-களில் கிப் வாக்னர் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். புயலுக்குப் பின் அங்கே அகப்பட்ட காசுகள் எதிலும் 1715-க்குப் பிந்தைய ஆண்டு இல்லை. ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு மெட்டல் டிடெக்டரோடு கரையை அலசினார். முதலில் பழைய முகாம் இருந்த இடம் பிடிபட்டது, பிறகு கப்பல்கள். அவர் காலத்தைவிடக் கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனால் மணலைப் படிக்கத் தெரியாதவருக்கு எவ்வளவு விலையுள்ள கருவியும் சோடா மூடியைத்தான் காட்டும்.

கடல் காசை அள்ளிவந்து கரையில் போடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அபூர்வம். சாதாரண மணல் துகள் அதே அளவுத் தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்றே அதிகமான எடை உள்ளது. வெள்ளி பத்தரை மடங்கு, தங்கம் பத்தொன்பது மடங்கு. அலை மணலைக் குலுக்கக் குலுக்கக் காசு கீழே இறங்கிக்கொண்டே போகும். களிமண்ணோ பாறையோ இறுகிய கிளிஞ்சல் அடுக்கோ தடுக்கிற இடத்தில்தான் நிற்கும். ஆகவே தேடுபவருக்கு வேண்டியது, மேலே கிடக்கும் மணல் விலகுகிற நாள்.

அந்த நாளைக் கணிப்பதுதான் முதல் வேலை. அடுத்தடுத்து வந்து மோதும் குட்டையான, செங்குத்தான அலைகள் மணலைக் கடலுக்குள் இழுத்துப்போகும். இடைவெளி விட்டுச் சோம்பலாக உருளும் அலைகள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும். ஃபுளோரிடாவில் குளிர்காலத்து வடகிழக்குக் காற்று கரையை அரிக்கும். கோடையில் மணல் மறுபடி ஏறும். பெரிய சூறாவளி என்றால் பெரிய வேட்டை என்பதும் கட்டாயமில்லை; சில புயல்கள் கரைமேல் இன்னும் மணலைக் குவித்துவிட்டுப் போகும். அதைவிட, விடாமல் சில நாள் வீசி, அலையைச் சாய்வாக மோதவிடும் வாடைக்காற்று பலன் தரலாம். வானிலை அறிக்கையில் அலையின் உயரத்தோடு அதன் திசையையும் இடைவெளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காற்று தணிந்ததும் தாமதம் கூடாது. வற்றம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கரையில் இறங்குவது நல்லது. அடுத்த ஏற்றத்திலேயே வெட்டு மூடிப்போவதுண்டு.

வெட்டு என்பது அலை அறுத்துவிட்டுப் போன மணல் சுவர். முழங்கால் உயரமும் இருக்கும், ஆளுயரமும் இருக்கும். உயரத்தைப் பார்த்து மயங்காமல் அதன் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். அரிப்பைத் தடுக்க இந்தக் கரைகளில் வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சுவர் முழுக்க ஒரே நிறமாக, அடுக்கே இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் கொட்டிய மணல். அலை எவ்வளவு அறுத்தாலும் 1715 அதற்கும் கீழேதான். மெல்லிய அடுக்குகளும் பழைய மணல்மேட்டுப் புல்லின் வேர்களும் தெரிந்தால் நின்று பார்க்கலாம்.

அடுத்து சுவரின் அடிவாரம். முறத்தில் புடைத்ததுபோல அலை அங்கே கனமானதைத் தங்கவிட்டு மற்றதைத் தள்ளிவிடுகிறது. கன்னியாகுமரிக் கரையில் காணும் கருமணல் போன்ற கறுப்புத் தீற்றல், பருங்கிளிஞ்சல், கூழாங்கல், தூண்டில்காரர்கள் தொலைத்த ஈயக்குண்டு: இவையே அடையாளங்கள். ஒரு ஈயக்குண்டு கிடைத்தால் கடலைப் பார்த்து நடக்காமல் கரைக்கு இணையாக இருபுறமும் தேட வேண்டும். ஒரே எடையுள்ளவை ஒரே வரிசையில் படிவது வழக்கம். இங்கே மணல் பெரும்பாலும் தெற்கு நோக்கி நகர்வதால், முகத்துவாரத் தடுப்புச் சுவர்களின் தென்புறம் மணலுக்கு ஏங்கிக் கிடக்கும். அங்கும் ஒரு நடை போகலாம்.

கருவி விஷயம் சுருக்கம். ஒற்றை அலைவரிசைக் கருவிகள் உப்பு ஈரத்தில் வீணாகக் கத்தும். பல அலைவரிசைக் கருவியோ பல்ஸ் வகையோ தாங்கும். பல்ஸ் கருவிக்கு ஆணியும் காசும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் தோண்டும் கைக்குப் பொறுமை வேண்டும். கருவியின் காயிலை (உணர்சுருளை) மணலை ஒட்டி மெதுவாக, முந்தைய வீச்சின்மேல் பாதி விழும்படி வீச வேண்டும். குழியை மூடிவிட்டு நகர வேண்டும். மார்ச் முதல் அக்டோபர் வரை ஆமைகள் முட்டையிடும் காலம். குறியிட்ட கூடுகளின் பக்கமே போகக் கூடாது.

சட்டம் தெரியாமல் இறங்கினால் காசும் போகும், மானமும் போகும். ஃபுளோரிடாவில் ஊர் நிர்வாகத்தின் கடற்கரைகள் பலவற்றில் உலர்மணலில் தேட அனுமதி உண்டு. கடலடியில் கிடக்கும் கப்பல் சிதைவுகளை உரிமம் இல்லாமல் தொட முடியாது. தேசியக் கடற்கரைப் பூங்காக்களில் டிடெக்டருக்கே தடை. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் செல்லும்: மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

கிடைத்த காசு காசுபோல இருக்காது. தங்கம் மட்டும் பளிச்சென்று வரும். வெள்ளி கறுத்து, விளிம்பு கோணலாக, கருங்கல் சில்லுபோலக் கிடக்கும்; இவை சம்மட்டியால் அடித்துச் செய்த காசுகள், பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை. எட்டு ரியால் மதிப்புள்ள ஸ்பானிய வெள்ளிக்காசு அடித்தபோது சுமார் 27 கிராம். கடல் தின்றது போக எடை குறைந்திருக்கும். தேய்த்துப் பார்க்கும் ஆசைதான் அதிகக் காசுகளைக் கெடுத்திருக்கிறது. ஈரம் காயாமல் தண்ணீரிலேயே போட்டு வைத்து, கிடைத்த இடம், ஆழம், அன்றைய காற்று மூன்றையும் குறித்துக்கொண்டு, பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.