கடல் கடந்து வந்த படம்

எப்போதும்வென்றானில் எங்கள் ஓட்டு வீட்டுப் பரணில் பழைய ஆன்டெனா ஒன்று கிடக்கிறது. 1982 பிப்ரவரி 15இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பார்க்க அப்பா வாங்கியதாம். தென்கிழக்கே திருப்பினால் சில இரவுகளில் படம் தெளிவாக விழும். சில இரவுகளில் வெறும் புள்ளிமழைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலைபரப்பிய பீதுருதலாகல மலையின் உயரம் 2,524 மீட்டர். பூமியின் வளைவால், அங்கிருந்து புறப்படும் அலை ஏறத்தாழ 207 கிலோமீட்டரைத் தாண்டித் தரையை எட்டாது. எங்கள் ஊரோ 350 கிலோமீட்டருக்கும் அப்பால்! பின் எப்படி வந்தது? கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும், அதன்மேல் சூடான வறண்ட காற்றும் படியும்போது, அலை மேலே தப்பாமல் பூமியை ஒட்டி வளைந்து வருகிறது. "காத்து அடங்கினா படம் வரும்டா" என்று அப்பா சொன்னதன் பொருள் இதுவே.

பரணிலேயே வைத்தும் பார்த்தாராம். ஓடு அலையைச் சற்றுக் குறைக்கும். தகரக் கூரையானால் மறித்தே விடும்.